முற்றும் போடாத கப்பல்

பூலாங்கரை மாசிலாமணிக்கு இழைக்கப்பட்ட அநியாயங்களில் முதலாவது, ஐந்தாம் வகுப்போடு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து எழுப்பிக்கொண்டுபோய்ப் பீடித் தட்டின் முன்னால் உட்காரவைத்தது. இரண்டாவது, கடைக் கணக்கப்பிள்ளை அவர் சுற்றிய நல்ல பீடியைக் கழிவு என்று சொல்லி ஒரு கூடையில் வீசி, அந்தக் கூடையைச் சாயங்காலம் தன் வீட்டுக்கு எடுத்துப் போனது. மூன்றாவது, ஏன் என்று கேட்டதற்காக அவர் வீட்டுக்கு மட்டுமல்ல, அவருடைய அக்கா வீட்டுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் சேர்த்து இலை கொடுப்பதை நிறுத்தியது. நான்காவது, வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் நாள், ஜில்லாவிலிருந்து வந்த சொந்தச் சங்கத்துத் தலைவரே முதலாளியிடம் மாலை வாங்கிக்கொண்டு சமரசம் பேசி, அந்தச் செய்தியைச் சொன்ன நோட்டீசில் மாசிலாமணியின் பெயரைப் போடாமல் விட்டது. ஐந்தாவது, இருபத்தேழு நாள் சிறை. ஆறாவது, சிறையிலிருந்து வந்து பார்த்தபோது, வார்த்தை காதில் விழுந்தால் கை தளர்கிறது என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாகக் கடைக்குள் இருந்துவந்த சத்தமாக வாசிக்கும் வழக்கத்தை முதலாளி ஒழித்திருந்தது. ஏழாவது, பைண்டர் தங்கக்குட்டி, முடிவில்லாத ஒரு தொடர்கதையை முடிந்த கதை போலத் தைத்துக் கொடுத்து, மாசிலாமணியின் மனைவி சொர்ணக்கிளியையும் இன்னும் ஐந்து பெண்களையும் சனிக்கோளுக்குப் பக்கத்தில் ஒரு கப்பலில் நிறுத்திவைத்தது.

இதை அவர் இந்த வரிசையில்தான் சொல்வார். டீக்கடையில் யாராவது நடுவில் புகுந்து ஐந்தாவதை நான்காவதுக்கு முன்னால் சொல்லிவிட்டால், "வரிசை தப்புனா வழக்கு தோத்துரும்வே" என்று அதட்டி, மறுபடி ஐந்தாம் வகுப்பிலிருந்து தொடங்குவார்.

அவர் படிப்பு முழுவதும் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. சுவரில் ஒட்டியது, பஸ்ஸில் வீசியது, சிறையில் சட்டைக்குள் வைத்துக் கடத்தியது என்று நாற்பது ஆண்டு நோட்டீசுகளை எழுத்து விடாமல் படித்தே அவர் உலகத்தைத் தெரிந்துகொண்டார். அந்தப் படிப்பில் பெரிய எழுத்தில் இருப்பது விஷயம், சிறிய எழுத்தில் அடியில் இருப்பது அச்சகத்தின் விலாசம். பெரிய எழுத்தைப் படித்தவன் விஷயத்தைப் படித்துவிட்டான் என்பதில் அவருக்கு என்றுமே சந்தேகம் வந்ததில்லை.

ஆறாவது அநியாயத்துக்குப் பதிலடியாகத்தான் கொட்டகை எழுந்தது. கடையில் வாசிக்க விடாவிட்டால் நாமே ஓர் இடம் கட்டி அங்கே வாசிப்போம் என்று பன்னிரண்டு பெண்களும் மாசிலாமணியும் குளத்தின் வடகரையில் தகரம் வேய்ந்து பாய் விரித்தார்கள். பெண்கள் கடையிலிருந்து இலையும் தூளும் வாங்கிவந்து அங்கே உட்கார்ந்து சுற்றுவார்கள், அவர் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து வாசிப்பார், அவர் சுற்றவேண்டிய பங்கை எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிக் கொடுப்பார்கள். வாசிக்கிறவனுக்குக் கை சும்மா இருக்கவேண்டும் என்பது பீடிக்காரர்களின் பழைய சட்டம். அவர் பங்கில் பாதிக்கு மேல் சொர்ணக்கிளியே சுற்றினாள் என்பது எல்லாருக்கும் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது.

முதலில் பேப்பர் வாசித்தார். பேப்பர் காலை பத்து மணிக்கே தீர்ந்துபோனது. பிறகு வாரப் பத்திரிகையில் வந்த குடும்பத் தொடர் ஒன்றை எடுத்தார். சங்கத்தின் துணைத்தலைவி உலகம்மாள் இலையை வெட்டுகிற கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "மாமியாக்காரி கொடுமைய வீட்லயே பாத்துட்டுத்தான் வாரோம், இங்கயும் எதுக்கு அண்ணாச்சி?" என்றாள். கதை என்பதே உழைக்கிறவனைத் தூங்கவைக்கிற சங்கதி என்று ஒரு நோட்டீசில் படித்திருந்த மாசிலாமணிக்கு அதைக் கீழே போடுவதில் வருத்தம் இல்லை. ஆனால் பழைய பேப்பர் கடையில் வாங்கிய பத்திரிகைக் கட்டுக்குள் ஒரு தொடரின் தலைப்புக்கு மேல் "அறிவியல் தொடர்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. அறிவியல் நம்ம கட்சி என்று தீர்மானித்து அவர் அதை வாசிக்கத் தொடங்கினார்.

அது செவ்வாயில் குடியேறப் போனவர்களின் கதை. எட்டாவது வாரத்து அத்தியாயத்தில் அவர்கள் கப்பலின் கதவைத் திறந்து சிவந்த மண்ணில் முதல் காலை வைத்தபோது, பக்கம் திருப்ப நிமிர்ந்த மாசிலாமணி, கிழக்கு வரிசையில் ஆறு பாய்கள் காலியாக இருப்பதைக் கண்டார். பாய்கள் மட்டும்தான் காலி. அவற்றுக்கு முன்னால் இருந்த ஆறு தட்டுகளில் இலை தானாக எழும்பி, தூளை வாங்கி, சுருண்டு, தலை மடிந்து, நூல் சுற்றிக்கொண்டு வரிசையாகப் படுத்தது. அதிலும் சொர்ணக்கிளியின் தட்டில் விழுந்த பீடிக்கு அவளுடைய இறுக்கமான மடிப்பும், பக்கத்துத் தட்டில் விழுந்ததற்கு அந்தப் பெண்ணின் தளர்ந்த மடிப்பும் இருந்தன. போலீஸ் உள்ளே நுழைந்தபோதுகூட வாக்கியத்தை நடுவில் விடாத மாசிலாமணி அன்றும் விடவில்லை. மூன்று நாள் வாசித்து அவர் கடைசி வாரத்தின் முற்றும் என்ற சொல்லைச் சொன்ன நொடியில் ஆறு பேரும் பாயில் இருந்தார்கள், கால் நகங்களில் செம்மண், தலையில் செம்மண், தொண்டையில் தாகம், "தண்ணி தா மதினி, அங்க ஒரு சொட்டு கெடையாது" என்றார்கள்.

ஊர் இதை வெள்ளாமை போல, வெள்ளம் போல ஏற்றுக்கொண்டது. உள்ளே போனவர்களின் தூக்குவாளியை மத்தியானம் பாய் ஓரத்தில் வைத்தால் ஒரு மணிக்குள் அது காலியாகிவிடுகிறது என்று கண்டுபிடித்துக் குழந்தைகள் தினமும் கொண்டுவந்து வைத்தார்கள். ஆண்கள் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார்கள், மூன்றாவது தொடருக்குள் இரண்டு பேர் நல்ல ரசமே வைத்தார்கள். பத்ரகாளி கோயில் பூசாரி, வேறு கிரகத்து மண்ணை மிதித்தவர்களுக்குத் தீட்டு உண்டா என்று ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் யோசித்து, காலில் மூன்று குடம் தண்ணீர் ஊற்றினால் போதும் என்று முடிவு சொன்னார். ரேஷன் கடைக்காரர் கார்டை நீட்டிய புருஷனிடம், "எங்கவே உம்ம வீட்டுக்காரி?" என்பார். "வியாழனுக்குப் போயிருக்கா." "வியாழன் போனா வெள்ளி வந்துருவால்லா, அன்னைக்கே சீனி வாங்கிக்கிடும்." பீடிக் கடைக்காரர்களுக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை, ஏனென்றால் தட்டுகளில் பீடி குறையவில்லை, பீடி குறையாதவரை பாயில் ஆள் இருக்கிறதா என்று அவர்கள் எப்போதுமே பார்த்ததில்லை.

ஒரே ஒரு முறைதான் ஊர் பயந்தது. இரண்டாவது தொடரின் கடைசி வாரத்துப் பக்கம் அந்தக் கட்டுக்குள் இல்லை. உள்ளே போனவர்கள் கடலுக்கடியில் கண்ணாடி நகரத்தில் ஒன்பது நாள் நின்றார்கள். ஊரே சல்லடை போட்டுத் தேடி, பாவூர்ச்சத்திரம் சந்தையில் ஒரு கடலை வண்டியில் பொட்டலம் மடிக்க வைத்திருந்த தாள்களுக்குள் அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, எண்ணெய்க் கறைக்குள் எழுத்தைத் துழாவி மாசிலாமணி வாசித்த பிறகுதான் அவர்கள் உப்பு பூத்த உடம்போடு திரும்பினார்கள். அன்று சங்கம் கூடித் தீர்மானம் போட்டது: முடிந்த கதையை மட்டுமே வாசிப்பது, ஒவ்வொரு கதைக்கும் ஆறு பேர் போவது, ஆறு பேர் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு இருப்பது, எந்தக் கதையையும் தலைவரான மாசிலாமணி கடைசிப் பக்கம் பார்த்து, திரும்பி வரலாம் என்று கையெழுத்திட்ட பிறகே தொடங்குவது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேர் தென்காசி, டவுன், பாளையங்கோட்டை என்று பழைய புத்தகக் கடைகளையும், நூலகம் கழித்துக் கட்டிய குவியல்களையும், வேலைக்குப் போய்விட்ட பையன்கள் பரணில் விட்டுச்சென்ற பெட்டிகளையும் துழாவினார்கள். வெளியூர்க்காரர்கள் பெண் எடுக்கப் போகும்போது குலம் கோத்திரம் விசாரிப்பதுபோல, பூலாங்கரைக்காரர்கள் கடைக்காரரிடம், "எழுதி முடிச்சதா? எழுதுனவரு செத்துருந்தாலும் பரவால்ல, கதை முடிஞ்சிருக்கணும்" என்று விசாரித்தார்கள். யாராவது பாதிக் கதையைக் காட்டி ஏமாற்றினால் கடை வாசலிலேயே சண்டை நடந்தது.

போய்வந்தவர்கள் போனவர்களாகத் திரும்பவில்லை. நான்கு நிலவுள்ள கிரகத்தில், யாரும் யாருக்கும் முதலாளியாக இல்லாத ஊரில் ஒன்றரை மாதம் இருந்துவிட்டு வந்த பெண்களின் கண்ணெதிரே, கணக்கப்பிள்ளை பழைய பழக்கத்தில் ஒரு பீடிக் கட்டை எடுத்துக் கழிவுக் கூடையில் வீசியபோது, சொர்ணக்கிளி எழுந்துபோய் அந்தக் கூடையையே எடுத்துக்கொண்டு வந்து தன் மடியில் வைத்து, "இதுல என்ன குத்தம்னு ஒண்ணொண்ணா சொல்லும், கேக்கேன்" என்று உட்கார்ந்துவிட்டாள். மத்தியானம்வரை அவரால் ஒரு குற்றமும் சொல்ல முடியவில்லை. அன்றோடு கழிவுக் கூடை ஒழிந்தது. இருபத்தேழு நாள் சிறை சாதிக்காததை ஒரு கதை சாதித்ததில் மாசிலாமணிக்குக் கொஞ்சம் பெருமையும், வெளியே சொல்ல முடியாத கொஞ்சம் கசப்பும் இருந்தது.

"தூங்காத கப்பல்" அந்தச் சமயத்தில்தான் வந்தது. டவுனில் ஒரு பழைய பேப்பர் கடையில் மாசிலாமணியே கண்டெடுத்த தொடர் அது. முப்பத்தொரு வாரம், பக்கத்துக்குப் பக்கம் படம், சனிக்கோளின் வளையங்களுக்கு நடுவே போகிற ஒரு கப்பல். யாரோ ஒரு வீட்டில் வாரா வாரம் கிழித்துச் சேர்த்த தாள்கள். அவற்றைப் பைண்டர் தங்கக்குட்டியிடம் கொடுத்துத் தைத்துவாங்கி, காலிக்கோத் துணி அட்டை போட்டு, கூட்டத்துக்குக் கிளம்புகிற அவசரத்தில் பின்பக்கமாகப் புரட்டினார். கடைசிப் பக்கத்தின் அடியில் பெரிய எழுத்தில் முற்றும் என்று இருந்தது. அதற்குக் கீழேயே, திரும்பி வரலாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

சொர்ணக்கிளி அன்று கிழக்கு வரிசையில் இருந்தாள். "முடிஞ்சிருக்கா, பாத்தியளா?" என்று கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டுருக்கேன். பொறவு என்ன?"

"அப்பச் சரி" என்று பாயில் உட்கார்ந்தாள். இரண்டாவது அத்தியாயத்தில் ஆறு பேரும் போய்விட்டார்கள்.

முப்பத்தொரு வாரத்தையும் பதினொரு நாளில் வாசித்து முடித்து, கப்பல் தலைவி ஓர் இரும்பு அலமாரியைத் திறந்து பயணப் பதிவேட்டை எடுக்கிற இடத்துக்கு வந்து, அவர் முற்றும் என்று சொன்னார். யாரும் வரவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். ஆறு தட்டுகளிலும் இலைகள் சுருண்டுகொண்டே இருந்தன. உலகம்மாள் எழுந்துவந்து புத்தகத்தை வாங்கி, பக்கத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். பக்கம் இரண்டு பத்தியாக இருந்தது. இடப்பக்கம் கப்பல். வலப்பக்கம், அதே வாரத்தில் முடிந்த ஒரு குடும்பத் தொடர், மாமியாரும் மருமகளும் கட்டிக்கொண்டு அழுகிற கடைசி வரி, அதற்கடியில் முற்றும். கப்பலுக்கு அடியில் எறும்பு போன்ற சிறிய எழுத்தில் அடுத்த இதழில் என்று இருந்தது. உலகம்மாள் அதன் மேல் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தன் பாய்க்குத் திரும்பினாள்.

அடுத்த நாள் காலையில் பூலாங்கரைச் சுவர்களில் நோட்டீஸ் இருந்தது. ஆறு தொழிலாளிகளைச் சனிக்கோளில் தள்ளிய பைண்டர் தங்கக்குட்டியே பதில் சொல் என்று பெரிய எழுத்தில் கேட்டது அது. ஊரில் யாரும் தங்கக்குட்டியிடம் நோட்டு தைக்கக் கொடுக்கவில்லை, அவர் கடை வாசலில் நின்று பேசவில்லை. நான்காம் நாள் தங்கக்குட்டி கொட்டகை வாசலுக்கு வந்து, உள்ளே நுழையாமல், வெயிலில் நின்று பேசினார்.

"அண்ணாச்சி, நீங்க குடுத்த தாளத்தான் நான் தைச்சேன்."

"தைக்கையில பாக்கவேண்டாமாவே?"

"தைக்கிறவன் படிக்க ஆரம்பிச்சா ஊசி கையில ஏறும். படிச்சது நீங்கல்லா."

"ஒரு தொழிலாளிக்குத் தொழில்மேல பொறுப்பு வேணும்" என்று மாசிலாமணி ஸ்டூலிலிருந்து எழுந்தார். கொட்டகையில் மிச்சமிருந்த ஆறு பெண்களும் தலை குனிந்து இலை வெட்டினார்கள். அவர்களுக்காகச் சிறைக்குப் போன மனுஷன். அவர்கள் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த மனுஷன்.

பயம் இரண்டாவது மாதத்தில் வந்தது. தூக்குவாளிகள் பாதிச் சோற்றோடு திரும்பத் தொடங்கின. தட்டுகளில் இலை முன்புபோல விரைந்து எழும்பவில்லை, எழும்பி, யோசித்து, சுருண்டது. சொர்ணக்கிளியின் தட்டில் அந்த இறுக்கமான மடிப்பு நாளுக்கு நாள் தளர்ந்து, ஒரு வெள்ளிக்கிழமை, பாதி சுருண்ட பீடி அப்படியே அவிழ்ந்து தூளைத் தட்டில் கொட்டியது. நாற்பது ஆண்டில் அவள் கையிலிருந்து ஒரு பீடி அவிழ்ந்து யாரும் பார்த்ததில்லை. மாசிலாமணி அந்தத் தட்டின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, பஸ் ஏறினார்.

அவருக்குத் தெரிந்தது போராட்டம் ஒன்றுதான், அதையே செய்தார். அந்தப் பத்திரிகை மூடிப் பத்து வருஷம் ஆகியிருந்தது. அதன் பழைய விலாசத்தில் இப்போது கல்யாண மண்டபம் இருந்தது, மண்டபத்துக் காவலாளி காட்டிய வழியில் போய் ஒரு முன்னாள் அச்சுக்கோப்பவரைப் பிடித்தார், அவர் சொன்ன வழியில் ஒரு முன்னாள் உதவி ஆசிரியரைப் பிடித்தார், தொடரை எழுதிய விண்ணரசன் என்பவரை யாருமே நேரில் பார்த்ததில்லை, கதை தபாலில்தான் வரும், முப்பத்தொன்றாவது வாரத்தோடு நின்றுபோனது என்று அறிந்துகொண்டார். திரும்பிவந்து ஆயிரம் நோட்டீஸ் அடித்தார். விண்ணரசனே, நீ உயிரோடு இருந்தால் உன் கப்பலைக் கரை சேர் என்று ஜில்லாவின் எல்லாப் பஸ் நிலையங்களிலும், தபாலாபீசுகளிலும், தேவாலய வாசல்களிலும் ஒட்டினார், மழை கிழித்த இடத்தில் மறுபடி ஒட்டினார். பசை வாளியோடு அவர் நடந்த தூரத்தைக் கூட்டினால் சந்திரனுக்குப் பாதி வழி வரும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள்.

நோட்டீஸ் ஒட்டத் தொடங்கிய நாற்பத்தொன்றாம் நாள், பாளையங்கோட்டை பஸ்ஸிலிருந்து ஒரு துணிப்பையும் குடையுமாக ஓர் அம்மாள் இறங்கி, சங்கக் கொட்டகை எது என்று விசாரித்துக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சேலை, வாரி முடிந்த நரை, காதில் ஒன்றுமில்லை.

"விண்ணரசன்னு நோட்டீஸ் ஒட்டினது யாரு?"

"நாந்தான். அவர் எங்க இருக்காரு டீச்சரம்மா?"

"நான் டீச்சர் இல்ல, டெலிபோன் ஆபரேட்டர். இப்போ ரிடையர்டு. பேரு ஹெப்சிபா. கப்பல் என்னோடதுதான்."

மாசிலாமணி ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் அதில் உட்காரவில்லை. நேராகக் கிழக்கு வரிசைக்குப் போய், ஒவ்வொரு தட்டின் முன்னாலும் குனிந்து, இலை தள்ளாடி எழும்புவதைப் பார்த்தாள். சொர்ணக்கிளியின் தட்டில் அன்று காலையிலிருந்து மூன்று பீடிதான் விழுந்திருந்தது.

"ஏன் பாதியில விட்டீய?" என்று உலகம்மாள் கேட்டாள்.

"கோளாறான கப்பல், திரும்பி வரும்னு யாரோ ஒருத்தர் சோதிச்சுப் பார்த்ததா கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க. அதுதான் கதை. யாருன்னு எனக்கே தெரியல. ஒவ்வொரு வாரமும் ஒருத்தரைச் சந்தேகப்பட்டேன். முப்பத்தொரு வாரம் முப்பத்தொரு பேர். ஒருத்தர் மேலயும் பழி நிக்கல. அதுக்கு மேல பொய்யா ஒரு பேரைப் போட மனசு வரல, எழுதுறதை நிறுத்திட்டேன்." அவள் புத்தகத்தைக் கேட்டு வாங்கினாள். கடைசிப் பக்கத்தைப் பிரித்து, இரண்டு பத்திகளையும், சிறிய எழுத்தையும், முற்றும் என்பதற்கடியில் மசியில் இருந்த கையெழுத்தையும் நெடுநேரம் பார்த்தாள். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாலு நாள் இங்கேயே இருந்து எழுதுறேன். எனக்கு ஒரு பாய் போதும்."

உலகம்மாள் வீட்டில் சாப்பிட்டு, காலையிலிருந்து மாலைவரை கொட்டகையில் உட்கார்ந்து, அவள் முப்பத்திரண்டாவது அத்தியாயத்தை எழுதினாள். ஊர் கொட்டகையைச் சுற்றி நடக்கும்போது செருப்பைக் கழற்றியது. ரேஷன் கடைக்காரர் அந்த நான்கு நாளும் வியாழன் வெள்ளி பேசவில்லை. ஐந்தாம் நாள் முற்பகலில் அவள் தாள்களை அடுக்கி மாசிலாமணியிடம் நீட்டினாள்.

"ஒரே ஒரு இடத்துல கோடு போட்டு விட்டிருக்கேன். கையெழுத்துப் போட்டவர் பேரு வர்ற இடம். கப்பல்ல இப்போ இருக்கிறது உங்க ஆளுங்க. திரும்பி வரலாம்னு யாரை நம்பி ஏறினாங்கன்னு அவங்களுக்குத் தெரியும். வேற பேரைச் சொன்னா கப்பல் நகராது."

சங்கத்தில் ஒரு நடைமுறை உண்டு. எந்தத் தீர்மானமானாலும் சாட்சிகள் எழுந்து நிற்க, பொறுப்பேற்கிறவரின் பெயரைத் தகப்பன் பெயரோடும் அட்டை எண்ணோடும் உரக்க வாசித்தால்தான் அது தீர்மானம், வாசிக்காதது தண்ணீரில் எழுதியது. அந்த நடைமுறையைக் கொண்டுவந்தவரே மாசிலாமணிதான். ஆறு பெண்களும் எழுந்து நின்றார்கள். வாசலில் ஆண்களும் பிள்ளைகளும் நின்றார்கள். தங்கக்குட்டி தூரத்தில் புளியமரத்தடியில் நின்றார். தகரம் வெயிலில் சடசடத்தது.

மாசிலாமணி வாசித்தார். கப்பல் தலைவி பதிவேட்டை எடுத்தாள், தூசியைத் துடைத்தாள், ஆறு பயணிகளையும் சுற்றி நிற்கச் சொன்னாள், இந்தக் கப்பல் திரும்பி வரும் என்று சோதித்துச் சான்று கொடுத்தவர் பெயரைப் படிக்கிறேன், கேளுங்கள் என்றாள். கோடு வந்தது. அவர் நிறுத்தவில்லை.

"பூலாங்கரை பைண்டர் தங்கக்குட்டி."

ஆறு தட்டுகளிலும் இலை நின்றது. சொர்ணக்கிளியின் தட்டில் கடைசியாகச் சுற்றியிருந்த மூன்று பீடிகளும் ஒவ்வொன்றாக நூல் அவிழ்ந்து, விரிந்து, வெறும் இலையாகக் கிடந்தன. பாய்கள் காலியாகவே இருந்தன.

அவர் உதட்டை நனைத்துக்கொண்டு, அதே வரியை முதலிலிருந்து எடுத்து, கோடு வந்த இடத்தில் மூடிப்போன பத்திரிகையின் முதலாளி பெயரைச் சொன்னார். இன்னொரு தட்டில் பீடிகள் அவிழத் தொடங்கின. பழைய பேப்பர் கடைக்காரர் பெயரைச் சொன்னார். இன்னொன்று. வாசலில் ஒரு குழந்தை அழுதது, அது உள்ளே போன ஒருத்தியின் குழந்தை.

"இன்னும் எத்தன பேர வாசிக்கப் போறீய அண்ணாச்சி?" உலகம்மாள் குரலை உயர்த்தவில்லை. "ஊர் வாக்காளர் பட்டியல எடுத்துட்டு வரட்டா?"

"நான் இந்தச் சங்கத்துக்காக..."

"ஜெயிலுக்குப் போனீய. தெரியும். அடி வாங்குனீய. தெரியும். அதனாலதான் இத்தன மாசமா நாங்க வாயத் தெறக்கல. உங்களுக்கு ஜெயிலுக்குப் போகத் தெரிஞ்ச அளவுக்கு, தப்புன்னு ஒரு வார்த்த சொல்லத் தெரியல. மதினி உங்ககிட்ட கேட்டுட்டுத்தான உக்காந்தா? என் காதுல விழுந்துச்சு."

அவர் திரும்பிச் சொர்ணக்கிளியின் தட்டைப் பார்த்தார். இலைகள் வாடிச் சுருங்குவதைப் பார்த்தார். இந்த வாழ்நாளில் அவர் முதலாளி பெயரை வாசித்திருக்கிறார், கணக்கப்பிள்ளை பெயரை வாசித்திருக்கிறார், துரோகிகள் பெயரையெல்லாம் மேடை போட்டு வாசித்திருக்கிறார், ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல் விழுந்திருக்கிறது. அவர் தாளை மடியில் வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து, அவருக்கே பழக்கமில்லாத ஒரு குரலில் கூப்பிட்டார்.

"தங்கக்குட்டி. உள்ள வாரும்வே. வந்து சாட்சியா நில்லும்."

தங்கக்குட்டி புளியமரத்தடியிலிருந்து மெதுவாக நடந்து வந்து, வாசலில் செருப்பை விட்டு, பெண்களுக்குப் பக்கத்தில் நின்றார். ஹெப்சிபா பாயிலிருந்து எழுந்தாள். மாசிலாமணியும் ஸ்டூலை விட்டு எழுந்தார். இத்தனை வருஷத்தில் அவர் நின்றுகொண்டு வாசிப்பது அதுவே முதல் தடவை. தாளை இரண்டு கையாலும் பிடித்தார். கப்பல் தலைவி பதிவேட்டை எடுத்தாள், தூசியைத் துடைத்தாள், ஆறு பயணிகளையும் சுற்றி நிற்கச் சொன்னாள், இந்தக் கப்பல் திரும்பி வரும் என்று கடைசிப் பக்கத்தைச் சரியாகப் பார்க்காமல் சான்று கொடுத்தவர் பெயரைப் படிக்கிறேன், கேளுங்கள் என்றாள். பார்க்காமல் என்ற சொல் தாளில் இல்லை, அவரே சேர்த்துக்கொண்டது. அதற்கு அடுத்து கோடு. குளத்தங்கரை முழுக்கக் கேட்கும்படி, சனிக்கோள்வரை கேட்கும்படி, அவர் வாசித்தார்:

"பூலாங்கரை தவசிக்கண் மகன் மாசிலாமணி, சங்க அட்டை எண் ஒன்று."